சலவை இயந்திரத்துக்கு வெந்நீர்க் குழாய் எப்போது பயன்தரும்?

சலவை இயந்திரம் சூடான நீரில் துவைக்கும்போது செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி, உருளையைச் சுழற்றுவதற்கன்று, நீரைச் சூடாக்குவதற்கே போகிறது. இதை ஒஸ்லோ நகரை வைத்துப் பார்ப்போம்: அதன் குடிநீரில் பெரும்பங்கு மாரிடால்ஸ்வன்னெட் ஏரியிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் அந்நீர் 5 பாகை செல்சியஸில் வீட்டை அடைவதாகக் கொண்டால், அதில் 15 லிட்டரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் வேண்டும். க்ளெமெட்ஸ்ருட் போன்ற ஆலைகளில் குப்பையை எரித்துப் பெறும் வெப்பத்தை நிலத்தடிக் குழாய்களில் ஓடும் நீரின் வழியே கட்டடங்களுக்குக் கொண்டுசேர்க்கும் தொலைவெப்ப வலையமைப்பு அந்நகரில் உண்டு. அவ்வெப்பம், இரு நீரும் கலவாமல் உலோகத் தகட்டின் ஊடே சூட்டை மட்டும் கடத்தும் வெப்பப் பரிமாற்றியின் வாயிலாகக் குழாய்நீரைச் சூடாக்கும் வீடுகளில், வெந்நீர் இணைப்பு மின்சாரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்துகிறது; மின்கொதிகலன் உள்ள வீட்டிலோ செலவு இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

குழாயின் நீளமும் முக்கியமானது. 12 மி.மீ. உள்விட்டமுள்ள 10 மீட்டர் குழாய்க்குள் 1 லிட்டருக்கும் அதிகமான ஆறிய நீர் தேங்கியிருப்பதால், சிறுகச் சிறுக நீரெடுக்கும் இயந்திரத்துக்கு முதலில் கிடைப்பது அதுவே. ஒரே நீர்வாய் உள்ள இயந்திரத்தை வெந்நீரோடு மட்டும் இணைத்தால், இரத்தக் கறையிலுள்ள புரதம் சூட்டில் இறுகி நூலிழையைப் பற்றிக்கொள்வதோடு, அலசலுக்கும் வெந்நீர் வீணாகும். எனவே இரு நீர்வாய் கொண்ட இயந்திரமோ, இருவகை நீரையும் அளவறிந்து கலக்கும் வால்வோ தேவைப்படுகிறது.