ஆம்ப்ளிஃபையரில் 'லவுட்னஸ்' பட்டன் எதற்கு?

உங்கள் வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறதா? முன்பக்கத்தில் வால்யூம், பேஸ், ட்ரெபிள் திருகுகளுக்குப் பக்கத்தில் 'லவுட்னஸ்' என்றொரு பட்டன் இருக்கும். சத்தத்தைக் கூட்டும்போது அழுத்த வேண்டியது என்று நினைச்சுடாதீங்க. விஷயமே தலைகீழ்.

சத்தம் குறையக் குறைய, நம் காதுக்கு முதலில் எட்டாமல் போவது பேஸ்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அந்தக் குறையை ஈடுகட்டவே, இந்தப் பட்டன் பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது. பல மாடல்களில் ட்ரெபிளையும் சேர்த்து.

அதனால், ராத்திரி பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் குறைந்த சத்தத்தில் பாட்டு கேட்கும்போது ஆன் பண்ணுங்க. வால்யூமை ஏற்றினால் மறக்காமல் ஆஃப் பண்ணிடுங்க. இல்லாவிட்டால், கூடுதல் பேஸைத் தாங்க முடியாமல் ஆம்ப்ளிஃபையர் திணறும், ஒலி கரகரக்கும். அப்படியே ஓடவிட்டால் ஸ்பீக்கரில் உள்ள ட்வீட்டர் கருகிப்போகலாம்.