கிளாவரைப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு எத்தனை ரூபாய்?

கொடைக்கானலில் பஸ் ஏறினால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஒவ்வொரு ஊராக ஆளை இறக்கிவிட்டு, நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடந்து கிளாவரையில் போய் நிற்கும். அதற்கப்புறம் மலைச்சரிவும் கேரள எல்லையும்தான். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைகிற மேல்மலை இது. இங்கிருந்து மூட்டை மூட்டையாக வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்த மலைக்கு ஆங்கிலம் புதிதில்லை. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. இந்தியாவில் ஐ.பி. எனும் பன்னாட்டுப் பாடத்திட்டம் முதன்முதலில் 1976-ல் அங்கேதான் வந்தது. அந்த ஆங்கிலம் ஏரிக்கரையோடு நின்றுகொண்டது. மேல்மலைப் பிள்ளைக்கு அது அரசுப் பள்ளிப் பாடப்புத்தகம் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது.

அன்று மூன்றாம் வகுப்பில்தான் ஏபிசிடி. ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், வகுப்பே கூட்டமாகத் திருப்பிச் சொல்லும். சத்தம் வெளியே கேட்கும். ஆளாளுக்குத் தனியாக வாசிக்கச் சொன்னால்தான் சங்கதி தெரியும். வீட்டில் ஆங்கிலம் என்று இருந்தது பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டிய காகிதம் மட்டுமே. அதையும் யாரும் வாசித்ததில்லை, வாசித்திருக்க வேண்டியது அதைத்தான் என்றாலும். வாசிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கும் எண்ணமே அன்று எவருக்கும் இல்லை. 1987-ல் வந்த கரும்பலகைத் திட்டத்தின் கனவே இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்ற அளவில்தான் இருந்தது.

அனைவருக்கும் கல்வித் திட்டம் 2001-க்குப் பிறகு வந்தபோதுதான் பள்ளியின் கையில் கொஞ்சம் காசு புழங்கியது. தொடக்கப்பள்ளிக்கு ஆண்டு மானியம் பின்னாளில் 5,000 ரூபாய் ஆனது, கற்பித்தல் பொருள் வாங்க ஆசிரியருக்கு 500. அந்த ஐந்நூறில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் பசையும் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து படம் வரைந்து, வார்த்தை எழுதி ஒட்டிய ஆசிரியர்கள் நிறையப் பேர். 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. தரையில் பாய், பிள்ளை உட்கார்ந்து எழுதும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த தாள்கள். பாடங்களை வரிசையாகக் காட்டும் ஏணிப்படி பார்த்து அவரவர் அட்டையை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில அட்டையில் பந்து படம் இருக்கும், கீழே அதன் பெயர் இருக்கும். பிள்ளை படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடும். படத்தை விரலால் மறைத்தால் ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து விரலால் மறைத்துப் பார்க்க ஆள் வேண்டும். ஐந்து வகுப்பை இரண்டு பேர் கட்டி மேய்க்கும் பள்ளியில் அதற்கு ஏது ஆள்?

இன்று முதல் வகுப்பிலேயே ஆங்கிலம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் வந்தது. பலகை மாறியது, பாடம் நடத்துகிறவர் பெரும்பாலும் அதே தமிழ்வழி ஆசிரியர்தான். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்குப் பயிற்சி நூல் கொடுத்தது. ஆறு முதல் ஒன்பது வரை உள்ளவர்களுக்கு 2025-ல் 'திறன்'. தமிழில் வாசிப்பு இயக்கம் தந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் நிஜமாகவே அழகு: நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். கற்பித்தல் பொருளுக்குக் குறையில்லை என்றே சொல்லலாம்.

குறை காசின் நடையில். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது பங்கு. பி.எம்.ஶ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. இது இங்கே மட்டும் நடப்பதில்லை. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கென்றே சட்டம் போட்டு ஆண்டுக்குச் சுமார் 89 கோடி டாலர் தரும் அமெரிக்காவும், 2025 ஜூலை 1-ஆம் தேதி விடவேண்டிய அந்தப் பணத்தை நிறுத்தி, மாதக் கடைசியில்தான் விட்டது. டெல்லியிலோ வாஷிங்டனிலோ கோப்பு நின்றால் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு நிற்பதில்லை. அது இரண்டாம் வகுப்பாகிப் போய்விடுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ், பழுதுபார்ப்பு எல்லாம் அதில்தான். பத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்கென்றே போக வேண்டும். தொடக்கப்பள்ளி நூலகத்துக்கு 5,000 வரை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஊரில் படித்த பெண்கள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. அதாவது, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவைக்கும் ஓர் அக்காவுக்கு ஆகும் செலவு அந்தப் பள்ளியின் ஆண்டு மானியத்தைவிட அதிகம். கொரோனா அவசரம் தணிந்ததும் அந்த மையங்கள் குறைந்துபோயின. என்னைக் கேட்டால், இத்தனை திட்டங்களில் ஆங்கில வாசிப்புக்கு நேரடியாக உதவக்கூடியது அதுதான்: புதிதாக எதையும் அச்சடிக்க வேண்டாம், ஊரிலேயே ஆள் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வட்டவடையில் இன்னொரு கணக்கு. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 2018 ஜூலையில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யு அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை. ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. கேரளமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் வந்து குவிந்து, 2019-ல் அவர் பெயரில் ஊராட்சி நூலகமே திறந்தார்கள். ஒரு சாவுக்குப் பிறகுதான் அது வர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். இந்தப் பக்கம் 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்து, சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கும் மாநிலம் நாம். தகரக்கூரை வீடுகளின் சொத்துவரி எவ்வளவு, அதில் நூலகப் பங்கு எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை. நகரத்தில் வசூலாவதை மலைக்கு ஏற்றாமல் இந்த ஊர்களுக்குப் புத்தகம் வராது.

மேல்மலையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருகிறவர்களில் சிலர் ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். கேட்டால் பெயின்ட், ஸ்மார்ட் போர்டு என்கிறார்கள். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வழியாக நன்கொடை தரலாம். தருவதற்கு முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிக்கவைக்க ஊரில் படித்த ஒரு பெண் கிடைப்பாரா, மூன்று வருஷத்துக்கு அவருக்குச் சம்பளம் தர வழி உண்டா என்று கேளுங்கள். ஒரு வருஷம் போதாது, மூன்று வருஷம்.