செப்டிக் டாங்க்கும் துப்புரவுப் பொருள்களும்

கழிப்பறை வெளுத்தால்தான் தூய்மை என்றெண்ணி, நாள்தோறும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கொட்டுவோர் உளர். வெண்மை வேறு, தூய்மை வேறு.

செப்டிக் டாங்க்கினுள் காற்றின்றி வாழும் நுண்கிருமிகளே மலத்தைச் செரித்து வண்டலைக் குறைக்கின்றன. மருந்து மிகுந்தால் அவை மடியும். வண்டல் விரைந்து நிறையும். செரியாத கசடு நீரோடு வெளியேறி உறிஞ்சுகுழியின் மண்துளைகளை அடைக்கும். தொட்டியை அடிக்கடி காலி செய்யவும் நேரும். பாதுகாப்பின்றி மனிதரை அதனுள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விஷவாயுவால் மாண்டோர் பலர்.

எப்போதேனும் சிறிதளவு மருந்து சேர்வதால் பெருந்தீங்கில்லை. அன்றாடத் துப்புரவுக்குச் சிறிது சோப்புத்தூளும் பிரஷும் போதும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் விடும் வெண்கறையில் எலுமிச்சைச் சாற்றைத் தடவி, சற்று ஊறவிட்டுத் தேய்க்கலாம். பினாயில் கலந்து தரை கழுவிய நீரைக் கழிப்பறைக்குள் ஊற்றலாகாது. பஞ்சாயத்தின் பொதுக் கழிப்பறையிலேயே இம்முறையைத் தொடங்கலாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கலாகாது. எழும் குளோரின் வாயு கழுவுபவரின் மூச்சையே அடைக்கும்.