பாடி கட்டியவர் யார்?

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் வந்து நிற்கும் பஸ்களின் முகப்பைப் பாருங்கள். லேலண்ட், டாடா என்று எஞ்சின் செய்த கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரியும். நாம் ஏறி உட்காரும் பாடியைக் கட்டியவர் பெயர் அப்படித் தெரியாது. இருந்தாலும் ஏதாவது மூலையில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

பஸ் கம்பெனி பெரும்பாலும் சேசிஸ் மட்டும்தான் செய்து அனுப்புகிறது. நான்குவழிச் சாலையில் அது போவதைப் பார்க்காதவர்கள் குறைவு. கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடியும் இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒப்புக்கு வைத்த சீட்டில், தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிக்கொண்டு, கண்ணில் புழுதி அடிக்க அதை ஓட்டிப் போவார் ஒருவர். கரூர்ப் பட்டறைகளில் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, ஜன்னல் வைத்து, பெயின்ட் அடித்த பிறகுதான் அது பஸ் ஆகிறது. அந்தக் கைவேலைக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இதே வேலையைச் செய்து, சொந்தமாக எஞ்சின் எதுவும் செய்யாமல், உலகப் புகழ் பெற்ற கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் ஏர்ஸ்ட்ரீம். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் அலுமினிய வீடுகளைக் கட்டுகிறவர்கள். கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இவர்கள் கட்டும் டிரெய்லருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது. உருண்டையான வெள்ளிநிற உடம்பும் அதற்குள்ளே படுக்கை, அடுப்படி, தண்ணீர்த் தொட்டியும்தான்.

அதைத் தொடங்கிய வாலி பையம், 1896-ல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மேய்க்கும் வேலைக்குப் போனபோது, கழுதை இழுத்த ஒரு சின்ன வண்டியில்தான் சமையலும் தூக்கமும். பின்னாளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர், வீட்டிலேயே டிரெய்லர் கட்டிக்கொள்வது எப்படி என்று எழுதி, வரைபடங்களையும் விற்றார். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டுக் கொல்லையிலேயே கட்டித் தரத் தொடங்கினார். பட்டறை பிறந்த ஆண்டாக 1931-ஐச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த அலுமினிய உடம்பு அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஹாலி போலஸ் என்ற கிளைடர் நிபுணர் 1934-ல் அதைக் கொண்டுவந்தார். 1927-ல் லிண்ட்பெர்க் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானம் கட்டப்பட்டபோது மேற்பார்வை பார்த்தவர் அவர்தான். விமானத்தின் உடம்பைப் போலவே மெல்லிய விலா எலும்புகள் மேல் தகட்டை இழுத்துப் பொருத்தி, தகடே பாரம் தாங்கும்படி செய்தார். வியாபாரம் மட்டும் நொடித்துப்போனது. பையம் அந்த வடிவத்தை எடுத்து, முன்பக்கம் இருந்த கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-ல் 'கிளிப்பர்' என்று விற்றார். விலை 1,200 டாலர். அன்றைய ஃபோர்டு காரைவிட அதிகம்.

தகட்டைப் பொருத்தும் அந்த வேலையை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஒரு ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிப்பார். இன்னொருவர் உள்ளே இரும்புக்கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பார். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. பிடி கொஞ்சம் நழுவினாலும் தகடு நெளிந்துவிடும். ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கில் ரிவிட் உண்டு. ஒஹையோ மாநிலத்து ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் 1952-லிருந்து இந்த வேலை நடக்கிறது. கட்டி முடித்த வண்டியின் மேல் மழைபோல் தண்ணீரைப் பாய்ச்சி ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள்.

இரண்டாம் உலகப்போரில் அலுமினியம் முழுவதும் விமானங்களுக்குப் போனதால் பட்டறை மூடப்பட்டது. பையம் விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். போருக்குப் பின் திரும்பி வந்து, வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு 1959-ல் கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்கு டிரெய்லர் அணிவகுப்பே நடத்தினார். அவர் 1962-ல் காலமானார். 1969-ல் நிலவில் இறங்கித் திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள், கிருமித் தொற்று பயத்தால் அடைத்து வைக்கப்பட்ட கூடு, மாற்றியமைத்த ஒரு ஏர்ஸ்ட்ரீம்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று அதிபர் நிக்சன் பேசுவார், உள்ளே மூவரும் சிரிப்பார்கள். உலகம் பார்த்த படம் அது.

இனி அமெரிக்காவிலிருந்து வைகைக்கரைக்கு வருவோம். திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்தோம் என்று மதுரைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மாட்டு லாடத்திலிருந்து கழன்று ரோட்டில் கிடக்கும் ஆணிகளைக் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டிப் பொறுக்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. போரில் அலுமினியம் கிடைக்காதபோது, பையம் பட்டறையை மூடினார். பெட்ரோல் கிடைக்காதபோது, மதுரைக்காரர்கள் கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்ட 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' செய்தார்கள். தேய்ந்த டயருக்கு ரப்பர் ஒட்டும் தொழிலையும் வளர்த்தார்கள். என்னைக் கேட்டால், இது ஏர்ஸ்ட்ரீம் கதைக்கு எள்ளளவும் குறைந்ததல்ல.

அக்காலத்து பஸ் பாடி பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்தது. நம் பக்கத்தில் அலுமினியமே புதிது. ஆலுவாயில் 1943-ல்தான் ஆலை ஓடத் தொடங்கியது. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை நம்பி மேட்டூரில் மால்கோ ஆலை வந்தது 1965-ல். இதற்கிடையே பெங்களூரில், போர் ஓய்ந்து வேலை குறைந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பஸ் பாடியும் ரயில் பெட்டியும் கட்டியது. விமானத்தில் ரிவிட் அடித்துப் பழகிய கைகள் ஜனங்கள் ஏறும் வண்டிக்கு வந்தன. அந்த ரயில் பெட்டிப் பிரிவிலிருந்துதான் 1964-ல் பி.இ.எம்.எல். நிறுவனம் பிறந்தது.

1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. முதலாளிகளின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. சட்டத்துக்கு மரம் இழைத்தவர், தகட்டை வளைத்தவர், ரிவிட்டுக்கு உள்ளே இருந்து முட்டுக் கொடுத்தவர் ஆகியோரின் வரலாறு எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம் வைத்திருப்பவர்கள் 1955-லேயே சங்கம் கண்டு, வண்டிகளையும் அவற்றின் கதைகளையும் காப்பாற்றி வருகிறார்கள். நம் பஸ்ஸோ ஆயுள் முடிந்தால் எடைக்குப் போகிறது.

1972-ல் 25 வயதில் பட்டறையில் நின்றவருக்கு இப்போது வயது 80-ஐ நெருங்கியிருக்கும். கோரிப்பாளையத்தைச் சுற்றி எத்தனை கல்லூரிகள்! வரலாறு படிக்கும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. மதுரையிலும் கரூரிலும் பாடி கட்டிய பெரியவர்களை இந்த வருஷமே தேடிப் போய், எந்த மரம், எந்தத் தகடு, யாரிடம் தொழில் கற்றீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த வருஷத்துக்குத் தள்ள வேண்டாம்.