சிறு விமானத்திற்கு ஏற்ற எஞ்சின்

தரையில் நின்றவாறே வானொலி அலைகளால் இயக்கும் சிறு விமானத்தை வாங்க விழைவோர், "எவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டும்?" என்றே முதலில் வினவுகின்றனர். நாமோ விமானத்தின் எடையையும் இறக்கையின் பரப்பையும் முதலில் நோக்குவோம்.

ஒரே அமைப்புள்ள விமானத்தை எல்லா அளவிலும் இருமடங்காக்கினால், இறக்கைப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். ஆகவே, ஒவ்வொரு சதுர டெசிமீட்டர் பரப்பும் எத்தனை கிராம் சுமக்கிறது என்று கணக்கிடல் வேண்டும். பயில்வோரிடையே நெடுங்காலமாக வழங்கும் அளவு ஒன்றைக் காண்போம்: இறக்கையின் நீளம் 150 சென்டிமீட்டர், பரப்பு 45 சதுர டெசிமீட்டர், எடை இரண்டரைக் கிலோ. சுமை ஏறத்தாழ 55 கிராம். இதற்கு 6.5 கன சென்டிமீட்டர் கொண்ட இருவீச்சு எஞ்சின் போதும். நால்வீச்சு வகையாயின் 8.5 வேண்டும். மின்மோட்டாராயின் கிலோவுக்கு 220 முதல் 330 வாட் வரை கொள்ளலாம்.

இதே விமானத்தில் 10 கன சென்டிமீட்டர் எஞ்சினைப் பூட்டினால் மூக்குக் கனக்கும். அதைச் சமன்செய்ய வாலில் ஈயம் சேர்க்க நேரும். சுமை மிக மிக, இறங்கும் வேகமும் மிகும். பிழையைத் திருத்த அவகாசம் குறையும். இரண்டரைக் கிலோ எடை விரைந்து வந்து ஒருவர்மீது மோதினால், அது விளையாட்டாகாது.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலுள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவாதலால் எஞ்சினின் ஆற்றலும் சிறிது குறையும். அத்தகைய ஊர்களில் வாழும் நம்மவர், எஞ்சினைப் பெரிதாக்குவதினும் விமானத்தின் எடையைக் குறைப்பதே நலம்.