இலவச லினக்ஸுக்கு எதற்குப் பணம்?

லினக்ஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் பதிந்தும் இருக்கலாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் இதே லினக்ஸுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பணம் கட்டுகின்றன. எதற்காக?

எங்கள் தூத்துக்குடிக் கடலில் மீனுக்கு யாரும் விலை கேட்பதில்லை. டீசல், ஐஸ், வலை, இன்ஜின் ரிப்பேர் ஆகியவற்றுக்குத்தான் செலவு. லினக்ஸும் அப்படித்தான். சாஃப்ட்வேருக்கு விலை இல்லை. அதைப் பழுதில்லாமல் ஓட்டித்தர ஆள் வேண்டும். அந்தச் சேவைக்குப் பெயர் சப்போர்ட்.

மெயின்ஃப்ரேமில் லினக்ஸ்

மெயின்ஃப்ரேம் என்பது ஆயிரக்கணக்கானோரின் வேலையை ஒரே நேரத்தில், நிற்காமல் செய்யும் பெரிய கம்ப்யூட்டர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973ல் ஐ.பி.எம். 370 மெயின்ஃப்ரேம் நிறுவப்பட்டது. இந்த வகை இயந்திரங்களில் லினக்ஸை ஓட்டுவதற்கான நிரல்களை ஐ.பி.எம். 1999 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே சூசே நிறுவனம் இதற்கான வணிகப் பதிப்பைக் கொண்டுவந்தது. பிறகு ரெட் ஹேட் வந்தது. 2016ல் உபுண்டுவும் சேர்ந்தது.

பணத்துக்கு என்ன கிடைக்கும்?

நள்ளிரவில் சிக்கல் வந்தாலும் போனில் பேச இன்ஜினியர் இருப்பார். பாதுகாப்புத் திருத்தங்கள் பல ஆண்டுகள் வரும். இன்னொன்றும் உண்டு. டேட்டாபேஸ் விற்கும் நிறுவனங்கள், தாங்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட லினக்ஸ் பதிப்புகளில் ஓடினால்தான் தங்கள் பொருளுக்குப் பொறுப்பேற்கும்.

கணக்கு எப்படி?

மெயின்ஃப்ரேமில் லினக்ஸுக்கென்றே தனி பிராசஸர் உண்டு. இதன் பெயர் ஐ.எஃப்.எல். சூசே, ரெட் ஹேட் சந்தாக்கள் பெரும்பாலும் இந்த பிராசஸர்களின் எண்ணிக்கைப்படி கணக்கிடப்படுகின்றன. ஒரு பிராசஸரில் பல லினக்ஸ்களை ஓட்டலாம். ஆனால் அதற்கான சந்தா, சாதாரண சர்வர் சந்தாவைவிடப் பல மடங்கு அதிகம்.

உதாரணத்துக்கு, 10 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 40 சர்வர்களின் வேலையை 2 ஐ.எஃப்.எல்.களுக்கு மாற்றினால், 40 சந்தாக்களுக்குப் பதில் 20 சந்தாக்களின் பணம் போதும். 15 சர்வர்கள்தான் இருந்தன என்றால் நஷ்டம். இயந்திரத்தின் விலையும் பராமரிப்பும் தனி.

பணமே கட்டாமல் முடியாதா? முடியும். டெபியன் லினக்ஸ் 2002 முதல் மெயின்ஃப்ரேமிலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பழுது வந்தால் சரிசெய்யத் தெரிந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து நீங்களே வைத்திருக்க வேண்டும். ஆக, செலவு இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. இந்தச் சேவைத் தொழிலின் மதிப்பை ஒரு தொகையில் புரிந்துகொள்ளலாம்: 2019ல் ரெட் ஹேட்டை ஐ.பி.எம். வாங்கியது 34 பில்லியன் டாலருக்கு!

வீட்டில் என்ன செய்வது?

உங்களுக்கு இந்தச் சந்தா எதுவும் தேவையில்லை. ஆனால் இலவச லினக்ஸுக்கும் ஆயுள் உண்டு. உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் இலவசத் திருத்தங்கள் வரும். பதியும் முன் அந்தப் பதிப்பின் ஆதரவு எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். முடிந்த பதிப்பில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள். சிக்கல் வந்தால் கேட்க, லினக்ஸ் தெரிந்த ஒருவரையும் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சப்போர்ட் அவர்தான்!