கோழிக்கு ஊசி போடுறாங்களா? ஒரு திருத்தம்

இந்த எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னாடி பிரியாணி பத்திப் பேசும்போது, "பிராய்லர் கோழி 40 நாள்ல 2 கிலோ ஆகுதுன்னா சும்மாவா? எல்லாம் ஹார்மோன் ஊசி"ன்னு போற போக்குல சொல்லிட்டேன். பல்லடம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி மெயில் போட்டிருந்தாங்க. "அண்ணா, எங்க ஷெட்ல 5,000 கோழி இருக்கு. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்குது, எங்களுக்கு வளர்ப்புக் கூலி மட்டும்தான். அத்தனைக்கும் தினமும் ஊசி போடுறது யாரு, எங்க அப்பாவா?"

என்கிட்ட பதில் இல்லை. உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல ஹார்மோன். வளர்ச்சி ஹார்மோன்ங்கிறது ஒரு புரதம். தீவனத்துல கலந்தா வயித்துலயே செரிச்சுப் போயிடும். ஊசியா போடணும்னா ஒவ்வொரு கோழியையும் பிடிச்சு, திரும்பத் திரும்பப் போடணும். ஒரு கோழியில கிடைக்கிற லாபத்துக்கு இது கட்டுப்படியே ஆகாது.

அப்போ இந்த வேகம் எங்கிருந்து வருது? தீவனமா, மரபணுவா? நம்ம வேலையில ஒரு பக் வந்தா, ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திப் பார்க்க மாட்டோம் இல்லையா? அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஹேவன்ஸ்டீன் குழு அதே முறையில சோதிச்சாங்க. முடிவு 2003-ல வெளியாச்சு.

1957 காலத்துக் கோழி இனம் ஒண்ணை, எந்தத் தேர்வும் பண்ணாம தலைமுறை தலைமுறையா அப்படியே காப்பாத்தி வச்சிருந்தாங்க. ஃப்ரீஸ் பண்ண பழைய வெர்ஷன் மாதிரி. அதுக்குப் போட்டியா 2001-ல சந்தையில இருந்த ராஸ் 308. ரெண்டு இனத்துக்கும் 1957 தீவனமும் கொடுத்தாங்க, 2001 தீவனமும் கொடுத்தாங்க. 42-வது நாள் எடை இதுதான்:

பழைய கோழி, பழைய தீவனம்: 539 கிராம்.
பழைய கோழி, புதுத் தீவனம்: 578 கிராம்.
புதுக் கோழி, பழைய தீவனம்: 2,126 கிராம்.
புதுக் கோழி, புதுத் தீவனம்: 2,672 கிராம்.

நல்ல தீவனம் பழைய கோழிக்குக் கூட்டிக் கொடுத்தது வெறும் 39 கிராம். அதே தீவனம் புதுக் கோழிக்கு 546 கிராம் கூட்டுது. சாப்பாட்டைச் சதையா மாத்துற திறன் உடம்புல இருந்தாத்தான் நல்ல சாப்பாட்டுக்கே வேலை. வளர்ச்சி மாற்றத்துல 85 முதல் 90 சதவீதம் மரபணு, மீதி தீவனம்னு அந்தக் குழு கணக்குப் போட்டாங்க.

இன்னொரு கணக்கு. 1.8 கிலோ எடைக்கு வர புதுக் கோழிக்கு 32 நாள் போதும். ஒரு கிலோ எடைக்கு சுமார் ஒன்றரைக் கிலோ தீவனம். பழசுக்கு 101 நாள், கிலோவுக்கு 4.42 கிலோ தீவனம். சிக்கன் விலை நம்ம கைக்கு எட்டுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுல ரகசியம் எதுவும் இல்லை. 1948-ல அமெரிக்காவுல 'நாளைய கோழி'ன்னு போட்டியே நடத்தினாங்க. நெஞ்சுக்கறி நிறைய, வளர்ச்சி வேகம், இதுதான் கேட்டது. அப்படிப்பட்ட கோழிகளையே பொறுக்கி இணைசேர்த்து, அதோட குஞ்சுகள்ல மறுபடி பொறுக்கி... கோழிக்கு ஒரு வருஷத்துக்குள்ள அடுத்த தலைமுறை வந்துடும். பல பத்தாண்டு இப்படியே போனா எங்க வந்து நிக்கும்னு பார்த்துக்கோங்க.

ஆனா இதுக்கு விலை உண்டு, அதைக் கொடுக்கிறது கோழி. சதை வளர்ற வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்கத் திணறும். பிராய்லர் குஞ்சுக்கான முட்டை போடுற தாய்க்கோழிகளுக்குத் தீவனத்தை அளந்துதான் போடுவாங்க. பசிக்கு விட்டா எடை கூடி, உடம்பு கெட்டு, முட்டையும் குறையும். அதனால அதுங்க வாழ்க்கையில பெரும்பகுதி பசியோடதான்.

இத்தனை நாள் ஊசியைத் திட்டிக்கிட்டே, இந்தப் பசியை நான் கேள்வி கேட்கவே இல்லை. வேகமா வளரணும், மலிவா கிடைக்கணும்னு கேட்டதுல என் பிரியாணி பிளேட்டும் சேர்த்தி. தங்கச்சி, உங்க அப்பாகிட்ட நான் ஸாரி சொன்னேன்னு சொல்லிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!